கைக்களை ஒயின்

"ஸ்டோர் சாவியக் குடுங்க, பாஸ்."

எதை வேண்டுமானாலும் பேசு, அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யோகேஸ்வரி வந்ததும் வராததுமாக அதைத்தான் கேட்டாள். அதுவும் லங்காவி ஹோட்டலுக்கு ஒயின் வாங்க வந்திருந்த ஷீலாவின் முன்னால்.

முதலாளி புவனேஸ்வரனுக்கு முகம் செத்துப்போனது. "விருந்தாளி இருக்காங்கம்மா. அப்புறம் பேசலாமே."

பாலிங் ஊரில் ரப்பர் மரங்களைச் சாய்த்த நிலத்தில் அவர் ரோசல் பயிரிட்டு மூன்று வருஷம் ஆகிறது. சிவந்து புளிக்கும் அந்தப் பூவில் செய்த ஒயின் மேசைமேல் கிளாஸில் இருந்தது. பக்கத்தில் ஆட்டுப் பிரட்டல், நெத்திலிச் சம்பல். பாட்டில் லேபிளில் ஒரே வரி: மருந்து படாத மண், கையால் எடுத்த களை.

ஷீலா சங்கடத்தை மறைக்க ஒரு மிடறு குடித்தாள். "மொதல்ல நல்ல புளிப்பு. அப்புறம் பிளம் வாசம், கடைசியில டீ மாதிரி ஒரு துவர்ப்பு. பிரட்டலோட எண்ணெய நாக்குலேருந்து தொடச்சு எடுத்துடுது லா. சம்பலுக்குத்தான் ஆகாது. காரம் ரெண்டு மடங்கா ஏறுது."

புவனேஸ்வரனுக்கு உயிர் வந்தது. "எல்லாம் மண்ணோட குணம் மேடம். லாலாங் புல்லுக்குக்கூட மருந்து கெடையாது, கைக்களைதான். ஆளுக்கு நாலு நெரை. முடிக்காதவங்க மறுநாள் வர வேணாம்னு சொல்லிடுவேன். இதோ, இந்த புஷ்பாக்கா இருக்காங்களே, விடியறதுக்கு முன்னாடியே வந்து எறங்கிடுவாங்க. ஒத்த ஆளா ஆறு நெரை!"

புஷ்பாக்கா என்பது யோகேஸ்வரியின் அம்மா புஷ்பவள்ளி. இன்னொரு பிரட்டல் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு, மடங்காத முட்டியைத் தாங்கித் தாங்கி மகளிடம் வந்தாள்.

"யோகி, வாடி. வீட்டுக்குப் போயிடலாம்."

அம்மாவின் வலது கட்டைவிரலில் நகம் இல்லை. போன வாரம் சோறு பிசையும்போது தட்டிலேயே கழன்று விழுந்தது. ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் மருந்தடித்த அப்பாவுக்கும் முதலில் நகம்தான் போனது. அப்புறம் மூக்கில் ரத்தம். அப்புறம் நுரையீரல். அப்புறம் அப்பா.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி யோகேஸ்வரி. சுங்கைப்பட்டாணியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒயின் கிளாஸ் பக்கத்தில் அறைந்து வைத்தாள்.

"எங்கம்மா தீபாவளிக்குக் கொண்டாந்த பாட்டில டெஸ்ட் பண்ணிட்டேன். களைக்கொல்லி இருக்கு. தடை பண்ணுன சாமான். மண்ணோட குணமாம், பெரிய மண்ணோட குணம்!" பயத்தில் குரல் கீச்சிட்டது. அது தெரியக் கூடாது என்று இன்னும் கத்தினாள். "எங்கம்மா கையப் பாருங்க!"

"சாமி சத்தியமா இல்லம்மா!" புவனேஸ்வரன் எழுந்தேவிட்டார். "ஏன்க்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு நாளாவது ஒங்கள மருந்தடிக்கச் சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்க பாஸ்." அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வேற என்ன சொல்லுவாங்க? ஆமான்னு சொன்னா நாளைக்கு உள்ள விடுவீங்களா?"

அவர் சாவியை மேசைமேல் விட்டெறிந்தார். "போ. நீயே தொறந்து பாரு."

பக்கத்திலேயே இருந்த ஸ்டோரைத் திறந்தாள். மண்வெட்டிகள், அரிவாள்கள், பூ அள்ளும் கூடைகள். குனிந்து மூலை மூலையாக மோந்து பார்த்தாள். அப்பா செத்த பிறகும் அவர் சட்டைகளை விட்டுப் போகாத அந்த நாற்றம் இங்கே இல்லை.

"நான் வரேன்னு தெரிஞ்சு அள்ளிட்டீங்களா, பாஸ்? வேலை சுத்தமா இருக்கு."

ஷீலா தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பினாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். "சாரி மிஸ்டர் புவன். ஒங்க ஒயின் எங்களுக்கு வேணாம்." அவளுடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது. புவனேஸ்வரன் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோகி, அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுடுடி. ஒன் கால்ல வேணாலும் விழுறேன்."

"இதக் கிழிச்சு என்ன ஆகப்போவுது? காலையிலேயே வெவசாய இலாகாவுக்கு அனுப்பிட்டேன். போலீஸ்லயும் ரிப்போர்ட் குடுத்தாச்சு. யாரு அடிச்சாங்களோ அவங்க உள்ள போவணும். விட மாட்டேன்."

"யோகி..."

"பயப்படாதம்மா. இந்த ஆளு ஒன்ன ஒண்ணும் பண்ண முடியாது. அப்பாவக் குடுத்தாச்சு, ஒன்னக் குடுக்க மாட்டேன். வா, பைக்குல போலாம்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே நடந்தாள். இருபுறமும் ரோசல் நிரைகள் ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக நீண்டன. கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் நொண்டி நொண்டி வந்த அம்மா, முதலாளிக்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னாள்:

"அடிச்சது நான்தாம்மா."