நம்ம மலை

ஆற்றுப்படுகையில் யுகயுகமாக ஒட்டிக் கிடந்த இரண்டு எரிமலைக் கற்கள் ஆய்வகத்துக்கு வந்தன. ஒரே மலையில் பிறந்தவர்கள் என்று நம்பி, அண்ணன் தம்பியாகவே வாழ்ந்தவை அவை.

ஆய்வாளர் பொற்கொடி இரண்டிலும் துளி சுரண்டிப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் சோதித்தாள். "ரெண்டோட ரசாயனமும் ஒத்துப்போகல. பெரியது வடக்கு மலை, சின்னது தெற்கு மலை" என்று தனித்தனிப் பெட்டியில் போட்டு மூடினாள்.



மூடிய பெட்டிக்குள்ளிருந்து சின்னது மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, நம்ம மலை நெருப்பு கக்கின அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு சொல்வியே, இன்னொரு தடவை சொல்லேன்."

பெரியது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"செக்கச்செவேல்னு இருந்துச்சுடா. நீயும் என் பக்கத்துலதானே இருந்தே!"