இரண்டு சாண் தூரம்

ஒரு மேசைமேல் குட்டித் துறைமுகம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிய தொம்மை, கப்பலை ஒட்டி ஒரு கிரேனை நிறுத்தி, மேசையைச் சுற்றி ஓடும் வட்டத் தண்டவாளத்திலிருந்து அதுவரைக்கும் ஒரு கிளைத் தண்டவாளம் போட்டிருந்தார்.

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன்," என்று கிரேன் ரயில் எஞ்சினைக் கூப்பிட்டது. "உன் வேகன்ல இறக்கணும்னு மூட்டையைக் கொக்கியில மாட்டி வெச்சிருக்கேன்."

எஞ்சினுக்குப் பெயின்ட் புதுசு; மிடுக்கும் புதுசு. "பசையும் மண்ணுமா கிடக்கே, அங்கேயா? எல்லாம் முடியட்டும், ஜம்முனு வர்றேன்."

தொம்மை கிரேன் பக்கம் ஓட்டிப் பார்த்த மூன்று முறையும் அது வேண்டுமென்றே நகராமல் நின்றது. கரன்ட் கோளாறு என்று நினைத்து அவர் அதைத் துடைத்து எடுத்து வைத்தார். பிறகு தண்டவாளம் நெடுக ஜல்லி தூவிப் பசை ஊற்றினார்.

வேலை முடிந்த அன்று எஞ்சின் பளபளவென்று கிளம்பியது. ஆனால் பாதை பிரியும் இடத்தில் அதைக் கிரேன் பக்கம் திருப்பிவிட வேண்டிய கம்பி பசையில் இறுகிப்போயிருந்தது. தொம்மை கத்தி முனையால் நெம்பிப் பார்த்தார். உடைந்துவிடும் போலிருந்தது.

"போகட்டும், சும்மா சுத்தி வரட்டும்," என்று விட்டுவிட்டார்.

இப்போது எஞ்சின் நாள் முழுக்கச் சுற்றுகிறது. இரண்டு சாண் தள்ளிக் கிரேனைக் கடக்கும்போதெல்லாம் விசில் அடிக்கிறது. கொக்கியில் மாட்டிய மூட்டையைக் கிரேன் இன்னும் கீழே வைக்கவில்லை.