ஒயர் மேல் ஒரு பழி

“ஒயர்லதான் கோளாறு. எத்தனை தடவை சொல்றது?” என்றார் கணவர், எலக்ட்ரானிக் டிரம்முக்குப் பின்னால் குனிந்தபடி.

“ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க. மூணு ஒயர் மாத்தியாச்சு. இனி மாத்த பாக்கி இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்” என்றாள் அவள்.

“ஓஹோ, அப்படி ஒரு யோசனை வேற இருக்கா?”

“எனக்கு இல்ல. இசையமைப்பாளருக்கு இருக்கு.”

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். ஒரு மெத்தை விளம்பரத்துக்கு அரை நிமிடப் பாட்டு. அவர் டிரம், அவள் கீபோர்டு. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து இருவரும் வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பாடகியின் குரலை இசையமைப்பாளர் சேர்த்துக்கொள்வார். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

‘பாட்டு முன்னாடி போகுது, டிரம் பின்னாடி இழுத்துக்கிட்டே வருது. மூணு மணிக்குள்ள சரியா வரலைன்னா வேற ஜோடியைப் பார்த்துக்கறேன்’ என்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

இப்போது மணி ஒன்று. அதனால்தான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தன் தம்பியை அவள் வரவழைத்திருந்தாள்.

“அவனை எதுக்கும்மா தொந்தரவு பண்றே? பாவம், ஆயிரம் வேலை இருக்கும்” என்று முனகினார் கணவர்.

“ஒரு வேலையும் இல்ல மாமா. தள்ளுங்க” என்று உள்ளே வந்த தம்பி, குச்சியை வாங்கி டிரம்மில் ஓர் அடி போட்டான். ‘டப்’ என்றது. இன்னொரு அடி. ‘டப்.’

“அடி விழுந்த உடனே சத்தம் வந்துடுதே?”

“சில நேரம் வரும், சில நேரம் வராது. அதுக்குன்னு ஒரு மனசு இருக்கு. நீ சும்மா ஒரு புது ஒயர் போட்டுட்டுக் கிளம்பு.”

“அப்படியே உங்க மாமாவுக்கும் ஒண்ணு போட்டுடுடா” என்றாள் அவள்.

எரிச்சல் இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருடம் சேர்ந்து வாசித்தவள். அவர் தாளத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பார்கள். அந்த மனிதர் ஆறு மாதமாகப் பிந்துகிறார், பிந்துகிறார் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

அவளுக்கும் ஒரு குறை உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மாதம் மணிக்கட்டில் கட்டோடு இருந்தாள். ஆறு மாதம் முன்பு கட்டுப் பிரித்ததிலிருந்து, விரல்கள் ஈர மண்ணுக்குள் வாசிப்பதுபோல் கனத்தன. ஒருமுறை கேட்டபோது, “அதே கைதான், அதே வேகம்தான். வீணா கவலைப்படாதே” என்று சொல்லிவிட்டார். அவர் காது தப்பாது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மேஜைக்கு அடியில் புகுந்திருந்த தம்பி குரல் கொடுத்தான். “என்னக்கா இது, பஸ்ல ஏறின மாதிரி எல்லா ஒயரும் ஒரே டப்பாவுல தொங்குது?”

“கம்ப்யூட்டர்ல ஒரே துளையில ஆறு ஒயர் செருகலாம்னு உங்க மாமா வாங்கி வச்சதுடா. நான் கட்டோட படுத்திருந்தப்போ.”

“பிரிண்டர், கேமரா, ரெண்டு போன், மேஜை ஃபேன்… நடுவுல உன் கீபோர்டு மாட்டிக்கிட்டு முழிக்குது. வாசல் ஒண்ணு, கூட்டம் ஆறு. நீ கட்டையை அழுத்தினா சத்தம் வரிசையில நின்னுதானே வரும்?”

அவன் கீபோர்டு ஒயரை மட்டும் பிடுங்கி, நேராகக் கம்ப்யூட்டரில் செருகினான். “இப்ப வாசி.”

அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பயந்து பயந்து ஒரு வேகமான வரிசையை ஓட்டிப் பார்த்தாள். ஈர மண் காணாமல் போயிருந்தது.

“என் விரல்! பழைய விரல்!” என்று சின்னப் பிள்ளைபோல் கூவினாள்.

கணவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். “கையில ஒண்ணும் இல்லையா?”

“கைக்கு என்ன மாமா? கீபோர்டுதான் இத்தனை நாளா பிந்தி வந்திருக்கு. சரி, நேரமாகுது. வாசிங்க ரெண்டு பேரும்.”

ஒரே தடவைதான் வாசித்தார்கள். இரண்டு மணிக்கு அனுப்பினார்கள். காபி ஆறுவதற்குள் இசையமைப்பாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது.

‘அபாரம்! இப்பத்தான் டிரம் சரியா வந்திருக்கு.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். “ஏண்டா, நீ டிரம்மைத் தொடவே இல்லையே. கீபோர்டைத்தானே மாத்தினே?”

தம்பி மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டினான். “நீ வீட்டுல இல்லாதப்போ மாமா தனியாப் பழகினதெல்லாம் இதுல இருக்கு, இப்ப பாட்டை அனுப்பும்போதுதான் பார்த்தேன். ஆறு மாசத்துப் பதிவு. ஒரு அடிகூடப் பிந்தலை. உன்னோட சேர்ந்து வாசிக்கும்போது மட்டும்தான் பிந்துறார்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் யாருக்கும் தேவையில்லாத அந்தப் பழைய ஒயர்களை மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கட்டுப் பிரிச்ச கை, வேகம் வர நாளாகும்னு நெனச்சேன்” என்றார், நிமிராமலே. “நான் மட்டும் சரியா அடிச்சா நீ பிந்துறது தனியாத் தெரிஞ்சிடுமேன்னு, உன் கூடவே நானும்…”