கணவரின் ஆபீஸ் லேப்டாப்

“அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். நாளைக்குப் பிறந்தநாள். ரொம்ப ஸ்லோன்னு புலம்புறார், ஸ்பீடை எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்துங்க” என்றாள் சுகந்தி.

அடிமூடியைக் கழற்றிய கடைக்காரர் எட்வினின் கை அப்படியே நின்றது.

“உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்ல, ரேம் இல்ல. இது ஓடி மாசக்கணக்கா ஆச்சு மேடம்.”

“சும்மா சொல்லாதீங்க! தினமும் கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாக்கிறார். கீபோர்டு தட்டுற சத்தம் ஹால் வரைக்கும் கேக்குதே!”

எட்வின் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். காலி இடங்களில் தூசி படிந்திருந்தது.

அவளுடைய செல்போன் அடித்தது. கணவர்தான்.

“லேப்டாப் எங்கே சுகந்தி? மீட்டிங் ஆரம்பிச்சிடும்!” குரல் நடுங்கியது.

“என்கிட்டதாங்க இருக்கு. இதோ வந்துட்டேன்.”

போனை வைத்தவள் லேப்டாப்பை எட்வின் பக்கமே திருப்பி வைத்தாள்.

“மூடிடுங்க” என்றாள். “திறந்த அடையாளமே தெரியக் கூடாது.”