திருப்பத்தில் நின்றவள்

ஓடி, சைக்கிள் மிதித்து, மறுபடியும் ஓட வேண்டிய நெடுந்தூர டூயத்லான் பந்தயத்தின் வரலாற்றைச் சிறப்பு மலருக்காக எழுதக் கிளம்பிய நிருபருக்கு, முதல் சாம்பியன் வீட்டிலேயே தலை சுற்றியது.

"எந்த இடத்துல சார் மத்தவங்களை முந்தினீங்க?"

"யாரையும் முந்தலை. எல்லாரும் எனக்கு முன்னாடிதான் போனாங்க. நான்தான் கடைசி."

நிருபர் எழுதியதை அடித்தார். "கடைசியா வந்தவருக்கு எப்படி சார் கோப்பையைக் கொடுத்தாங்க?"

"சைக்கிள்ல போறப்போ ஒரு திருப்பம். முன்னாடி போனவங்க அத்தனை பேரும் திரும்பாம, ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா நேரா போயிட்டாங்க. பாதை மாறினதுக்காக எல்லாரையும் நீக்கிட்டாங்க."

"உங்களுக்கு மட்டும் பாதை தெரிஞ்சிருந்துதா?"

"எனக்கென்ன தெரியும்? அங்க ஒரு பொண்ணு கொடியோட நின்னு வழி காட்டிச்சு. மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது, ஆனா என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி. கட்டினா இவளைத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

காபி கொண்டுவந்த மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

நிருபருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. "மேடம், மத்தவங்களுக்கு நீங்க ஏன் கொடி காட்டலை?"

"அவங்க போனப்போ நான் அங்க இருந்தாத்தானே? அந்தத் திருப்பம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாம, தெருத் தெருவா தேடி ஓடிக்கிட்டு இருந்தேன். வந்து சேர்ந்தப்போ இவர் ஒருத்தர்தான் மிச்சம். ஒருத்தராவது மாட்டினாரேன்னு சிரிச்சேன்."

சாம்பியன் வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்தார்.

"அப்போ நீ எனக்காக நிக்கலையா?"