சாய்ச்சு அடிலே

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டு டிவியில் சிலுவைப்பாடு படம் ஓடிக்கொண்டிருந்தது. சாட்டையடி தொடங்கியபோதே மகள் ஜெயராணி கண்களைப் பொத்திக்கொண்டாள். மனைவி வியாகுலம் முந்தானையைக் கடித்தபடி அழுதாள். தச்சுவேலை செய்யும் லாசர் மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில், இயேசுவின் உள்ளங்கையில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான் படைவீரன்.

"நேரா அடிக்கான் பாரு. சாய்ச்சு அடிலே, அப்பதான் கழலாது" என்றார் லாசர்.

வியாகுலத்தின் அழுகை சட்டென்று நின்றது. ஜெயராணி கண்களைத் திறந்தாள்.

"யாருக்குப்பா சொல்லிக்குடுக்கிய?"

சுத்தியல் சத்தம் ஓயவில்லை. லாசர் தன் வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

படம் முடிந்து, ஒருசந்தி நோன்பை முடிக்கக் கஞ்சியைக் கொண்டுவந்து நீட்டினாள் வியாகுலம். கிண்ணம் நீட்டியபடியே இருந்தது. அவர் தொடைக்கடியிலிருந்து கையை எடுக்கவில்லை.