முதல் வாய்க் களி

மணலைக் கழுவிக் கழுவி லூர்துமேரியின் நகக்கண் எல்லாம் எரிந்தது.

எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கலங்கல் போகவில்லை. ஆற்று மணல் அப்படித்தான் இருக்கும் என்றால் சவரிராயன் கேட்கிற ஆள் இல்லை. இன்னும் கழுவு என்று கையை மட்டும் ஆட்டினான். பெண்டாட்டியிடம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு.

காலை பாசஞ்சரில் சேலத்திலிருந்து மொரப்பூர் வந்து இறங்கியவன், தோளில் சாக்குச் சுற்றிய கண்ணாடித் தொட்டியும் கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையுமாக வீட்டுக்குள் நுழைந்தான். பைக்குள் நாலு தங்கமீன்கள்.

யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் மனசு சும்மா இருக்குமா?

கல்யாணமான புதிதில் சேலத்துக்குப் போட்டோ எடுக்கப் போனபோது, ஸ்டூடியோவில் இருந்த மீன் தொட்டியை விட்டு அவள் நகரவே இல்லை. பட்டிக்காடு என்று சிரித்துக்கொண்டே இழுத்துப் போனான். அதையெல்லாம் இந்த மனுஷன் நினைவில் வைத்திருக்கிறானா?

வைத்திருக்க வேறு விஷயம் இருந்தது அவனுக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தீராத வயிற்றுவலி. அவனுடைய அக்காள் ஏரியூர் பக்கம் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற ஒருவனிடம் கூட்டிப்போனாள். அந்த ஆள் இவன் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, முடியும் சோறுமாக ஒரு உருண்டையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினான். பெண்டாட்டி சோற்றில் வைத்த இடுமருந்து என்றான்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே லூர்துமேரி கம்பைநல்லூரில் அம்மா வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றாள்.

பங்குச் சாமியார் பேசிப் பேசி, இந்த ஈஸ்டருக்குத்தான் ரெண்டு பேரையும் சேர்த்துவைத்தார். சேர்ந்தது கூரை மட்டும்தான். அவள் கையால் அவன் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மூன்று வேளையும் ஸ்டேஷன் எதிரே ஓட்டல். அவள் ஆக்கியதை அவளே தின்றாள், மீந்ததில் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாளும் தின்றாள். தெரு பார்த்துச் சிரித்தது.

ஒரே ஒரு வாய் அவன் சாப்பிட்டுவிட்டால் போதும். மருந்து வைத்தவள் என்ற பேர் அன்றோடு ஒழியும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவன்மேல் ஆசை வற்றி வெகுநாள் ஆகிவிட்டது.

மணலைப் பரப்பினாள். பச்சை பிளாஸ்டிக் செடியை நட்டாள். குழாயடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து ஊற்றும்போது மூக்கைத் துளைத்தது நெடி. ஊரில் பேதி கண்டிருந்ததால் முந்தின நாள்தான் டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள்.

"நெடி தாங்கலீங்க. இந்தத் தண்ணியிலயா மீனை வுடறது? ஒரு நாள் ஆறட்டுங்க."

"நீ சொல்லிக் குடுத்து நான் செய்யணுமா? ஊத்துடி."

ஊற்றினாள். அவன் பையின் ரப்பர் பேண்டை அறுத்துத் தொட்டியில் கவிழ்த்தான்.

நாலும் வாலை விசிறிக்கொண்டு இறங்கின. ஜன்னல் வெயிலில் தொட்டி முழுக்கப் பொன்னாக மினுங்கியது. லூர்துமேரிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பார்த்துவிடப் போகிறான் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அவன் கையைக் கழுவிக்கொண்டு, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"களி போடு" என்றான்.

 அடுப்படிக்கு ஓடினாள். சூடான களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். அவசரத்தில் தட்டு விளிம்பிலும் சிந்தினாள். இவனுக்காகப் போய் இப்படிப் பறக்கிறதே என்று அந்தக் கையின்மேலேயே எரிச்சல் வந்தது.

தட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் ஒரு துணுக்குக் களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டினான். அவள் அந்த விரல்களையே பார்த்தாள்.

விரல்கள் வாய்க்குப் போகவில்லை. தொட்டிக்கு மேலே போய் நின்று துணுக்கை உதிர்த்தன.

களி கரைந்துகொண்டே இறங்கியது. ஒரு மீன் வந்து கொத்தியது. இன்னொன்றும் கொத்தியது. அவன் கண் கொட்டாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

இவன் எதற்காகச் சேலம் போனான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கொத்திய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிரப் பார்த்தது, முடியவில்லை. வெள்ளை வயிறு மேலே வந்தது. அதன் பின்னாலேயே அடுத்ததும் சாய்ந்தது.

"பாத்தியா? சாமியாரு வந்து பாக்கட்டும் இப்ப!"

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து இன்றுதான் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தொட்டியிலிருந்து இன்னும் அந்த பிளீச்சிங் நெடி வந்துகொண்டிருந்தது. சொல்லலாம். சொன்னதைக் கேட்கிறவனாக இருந்தால் மீனே செத்திருக்காது.

லூர்துமேரி அவன் மடியிலிருந்து தட்டை எடுத்தாள். அவன் காலடியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். களியைப் பிட்டுப் பிட்டு, குழம்பைத் தொட்டுத் தொட்டு, கடைசி உருண்டை வரை விழுங்கினாள். தட்டையும் வழித்து நக்கினாள்.

அவன் தடுக்கவில்லை.

எழுந்து, நாற்காலியைத் தொட்டிப் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அதே மாதிரி முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.